மென்பொருள் டிப்ளமோ படிக்கிறேன். வகுப்பில் புரிகிறது, தனியாக உட்கார்ந்தால் ஒரு வரியும் வரவில்லை. என்ன செய்வது?

முதல் செமஸ்டர் முடித்துவிட்டீர்கள், ஆசிரியர் எழுதிக்காட்டும்போது ஒவ்வொரு வரியும் புரிகிறது, அறைக்கு வந்து வெறும் திரையைத் திறந்தால் கை நகர மாட்டேன் என்கிறது, கூடப் படிப்பவர்கள் வேகமாகப் போவதைப் பார்த்தால் இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று பயமாக இருக்கிறது. இதுதானே கேள்வி? கடைசியில், ஏஐயிடம் கேட்டு எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் மென்பொருள் உருவாக்கத்தில் டிப்ளமோ முடித்தவன்தான், இப்போது அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. முதல் செமஸ்டரில் அச்சு அசலாக நீங்கள் எழுதியிருக்கும் நிலையில்தான் நானும் இருந்தேன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன், படிப்பை விட்டுவிடாதீர்கள். படிக்கும் விதத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

அந்த ஒன்றை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு சாதாரணக் கணக்கு. 1 முதல் 10 வரை கூட்டிச் சொல்ல வேண்டும், பைத்தான் என்ற நிரல் மொழியில். லூப் (ஒரே வேலையைச் சுற்றிச் சுற்றிச் செய்யவைப்பது) எழுதி, ரேஞ்ச்(1, 10) என்று கொடுத்து ஓட்டினேன். 55 வரவேண்டிய இடத்தில் 45 வந்தது. உடனே 10ஐ 11 ஆக்கினேன், 55 வந்தது, அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த லேப் ஆசிரியர், "தம்பி, 55 வந்ததை விடு. முன்னாடி 45 வந்துச்சே, அது எப்படி வந்தது?" என்று கேட்டார். "ஒண்ணு குறைஞ்சிருச்சு சார்" என்றேன். "எந்த ஒண்ணு? எதனால குறைஞ்சது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. 11 போட்டால் சரியாகிவிடும் என்று கைக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அவர் ஒரு தாளை நீட்டி, லூப்பை ஒவ்வொரு சுற்றாக எழுதச் சொன்னார்: இந்தச் சுற்றில் என்ன எண், அதுவரை கூடியது எவ்வளவு. 1க்கு 1, 2க்கு 3, 3க்கு 6 என்று எழுதிக்கொண்டே போய் 9க்கு 45 என்று வந்ததும் நின்றுவிட்டது. பத்து உள்ளே வரவே இல்லை.

ஏன் வரவில்லை என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, பைத்தான் எழுதியவர்கள் ஏதோ மனம்போன போக்கில் வைத்த விதி கிடையாது. தொடக்க எண்ணைச் சேர்த்துக்கொண்டு முடிவு எண்ணை விட்டுவிட்டால், முடிவு எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்தாலே எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும் (10 கழித்தல் 1, ஒன்பது சுற்று), அடுத்த வரிசை முந்தையது முடிந்த எண்ணிலிருந்தே இடைவெளி இல்லாமல் தொடங்கும். கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் கைப்பட எழுதிய ஒரு சிறு குறிப்பில் இதைத்தான் வாதாடியிருக்கிறார். அன்று அந்தத் தாளில் எழுதிப் பார்த்ததற்கு அப்புறம், இன்றுவரை இந்த விஷயத்தில் எனக்குத் தடுமாற்றம் வந்ததில்லை. வகுப்பில் அதே விதியை மூன்று முறையாவது கேட்டிருப்பேன். அப்போதெல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது.

சரி, மாற்ற வேண்டியது இதுதான். ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புரோகிராமையும் ஓட்டுவதற்கு முன்னால், என்ன வரும் என்று அதில் பேனாவால் எழுதுங்கள். மனதுக்குள் நினைத்துக்கொள்வது போதாது, விடை வந்ததும் "நான் நினைச்சதும் இதுதான்" என்று மனசு மாற்றிப் பேசிவிடும். அப்புறம் ஓட்டுங்கள். எழுதியதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் மேலே போங்கள். வேறாக இருந்தால், திருத்துவதற்கு முன் அந்தத் தப்பான விடை எப்படி வந்தது என்று ஒரே ஒரு வரியில் எழுதுங்கள். அதை எழுதும்வரை கீபோர்டைத் தொடாதீர்கள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது ஒரு மணி நேரம் இழுக்கும். இழுக்கட்டும்.

வகுப்பில் புரிவதும் வீட்டில் வராததும் ஏன் என்றால், போர்டில் நாம் பார்ப்பதெல்லாம் சரியான வரிகள். அந்த வரி அங்கே ஏன் வந்தது, வேறு எதை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது போர்டில் இருக்காது. டிப்ளமோவில் நிரலாக்கம், டேட்டாபேஸ், வெப், டேட்டா ஸ்ட்ரக்சர், டெஸ்டிங், பிராஜெக்ட் என்று கொஞ்ச காலத்துக்குள் நிறையத் திணித்திருப்பார்கள், தப்பாக எழுதிப் பார்க்க வகுப்பில் நேரமே கிடைக்காது. அந்த நேரத்தை நாமேதான் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

என் நோட்டின் முதல் பக்கங்களில் இருந்த சில: இரண்டு எண்களை வாங்கிக் கூட்டச் சொன்னால் 5ம் 7ம் சேர்ந்து 57 ஆனது. இன்புட் என்ற ஃபங்ஷன் எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் தரும், எழுத்துகளுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால் ஒட்டவைக்கும். இன்னொன்று, 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004. மூன்றில் ஒரு பங்கை நாம் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறது இல்லையா, அதேபோல 0.1ஐ இருமத்தில் (கணினி பயன்படுத்தும் 0, 1 மட்டுமே உள்ள முறை) எழுதினால் முடியவே முடியாது, ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். பணக் கணக்கை இந்த வகை எண்ணில் வைக்கக்கூடாது என்று பின்னால் ஒருவர் சொன்னபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

ஆனால் என்னை அசைத்துப் பார்த்தது வேறொன்று. ஒரு சொல்லை வாங்கித் திருப்பிப் போடும் பயிற்சி. எல்லோரும் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து முடித்துவிட்டார்கள், நான் ஆசையாக 'தமிழ்' என்று கொடுத்தேன். நோட்டில் 'ழ்மித' என்று எழுதி வைத்திருந்தேன். திரையில் முதலில் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் தனியாக ஒரு புள்ளி, அப்புறம் 'ழிமத'. நீளம் எவ்வளவு என்று கேட்டால் 5 என்கிறது, நமக்குத் தெரிந்து மூன்று எழுத்து. கணினி கோளாறு என்று முதலில் நினைத்தேன். 45 வந்த கதை ஞாபகம் வந்ததால் தாளை எடுத்தேன். யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் முறை) இந்தச் சொல் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. திருப்பினால் புள்ளி, ழ, கொக்கி, ம, த. புள்ளிக்கு முன்னால் எழுத்தே இல்லை, அதனால் அது வட்டத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கொக்கி தனக்கு முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், இப்போது முன்னால் இருப்பது ழ, ஆகவே 'ழி'. ஒவ்வொரு குறிக்கும் விளக்கம் கிடைத்த அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. இந்தத் துறை நமக்கு ஒத்துவரும் என்று எனக்கு முதலில் தோன்றியது அன்றைக்குத்தான்.

அது வெறும் விளையாட்டாகவும் போகவில்லை. யூனிகோடு குறிகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் (1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்தது) ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் (சேமிப்பிடத்தின் அலகு) வேண்டும், அப்படியானால் 'தமிழ்' 15 பைட். சில டேட்டாபேஸ்களில் நீளத்தைப் பைட் கணக்கில் ஒதுக்குவார்கள். பெயருக்கு 30 என்று ஒதுக்கிவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தால் எல்லாம் நன்றாக ஓடும், தமிழில் பெயர் போட்டால் பத்துக் குறிக்கு மேல் இடம் இருக்காது. வேலையில் இப்படி ஒரு புகார் வந்தபோது, காரணத்தை நான் உட்கார்ந்த இடத்திலேயே சொன்னேன்.

எரர் செய்தி வந்தால் பதறி மூடிவிடும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? எனக்கு இருந்தது. சிவப்பாக ஏழெட்டு வரி வரும், படிக்காமலேயே மேலே உள்ளதை மாற்ற ஆரம்பிப்பேன். பைத்தானில் கடைசி வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும், என்ன தப்பு என்பது அங்கே இருக்கும், எங்கே என்பதை அதற்கு மேலே தேட வேண்டும். ஜாவாவில் தலைகீழ், முதல் வரியில் தப்பின் பெயர் வரும், கீழே அது கடந்துவந்த பாதை. அப்புறம், அது காட்டும் வரி எண்ணில்தான் தப்பு இருக்கும் என்று நம்பிவிடவும் வேண்டாம். அடைப்புக்குறியை மூட மறந்தால் பழைய பைத்தான் அதற்கு அடுத்த வரியைக் காட்டிக் குழப்பும், 3.10 பதிப்பிலிருந்துதான் மூடாத அடைப்பையே சுட்டிக்காட்டுகிறது. எரரையும் நோட்டில் உங்கள் வார்த்தையில் ஒரு வரி எழுதுங்கள். இருபது முப்பது எரர் சேர்ந்ததும், வந்தவையே திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும்.

டேட்டாபேஸ் பாடத்தை நிறையப் பேர் மனப்பாடம் செய்து கடக்கிறார்கள், அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 1970இல் ஐபிஎம்மில் இருந்த காட் என்பவர் முன்வைத்த அட்டவணை மாதிரிதான் இன்றும் பெரும்பாலான இடங்களில் ஓடுகிறது, இந்தப் படிப்பில் இவ்வளவு நாள் தாங்கும் பாடம் குறைவு. இங்கேயும் அதே நோட்டுதான். ஒரு டேபிளில் 50 மாணவர்களின் மதிப்பெண் இருந்தது. 40ம் அதற்கு மேலும் எடுத்தவர்கள் 38 பேர் என்று வந்தது, 40க்குக் கீழே 9 பேர். இரண்டையும் கூட்டினால் 47. மீதி மூன்று பேர் எங்கே போனார்கள்? தேர்வுக்கு வராதவர்கள், அவர்கள் கட்டத்தில் நல் (NULL, மதிப்பு எதுவும் இல்லை) என்று இருந்தது. இந்த NULL-ஐ எதோடு ஒப்பிட்டாலும் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, தெரியாது என்று சொல்லும், தெரியாதவர்களை இரண்டு பட்டியலிலும் சேர்க்காது. முன்கூட்டியே "இரண்டும் சேர்ந்து 50 வரும்" என்று எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அந்த மூன்று பேர் காணாமல் போனது எனக்குத் தெரிந்தே இருக்காது. எரர் வராத தப்பு இப்படித்தான் இருக்கும்.

குழு பிராஜெக்ட் வரும்போது முதல் நாளே கிட் (Git, நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி) கற்றுக்கொள்ளுங்கள், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும். நாங்கள் நான்கு பேர் ஃபைலை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தோம், ஒருவர் வேலையின் மேல் இன்னொருவர் வேலை ஏறி இரண்டு வாரத்து உழைப்பு போனது, யாரையும் குறை சொல்லவும் வழியில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வேலைக்காக எழுதிய கருவி கிட். சின்னச் சின்ன மாற்றமாகச் சேமித்துவந்தால், நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்பதற்குப் பாதிப் பாதியாக வெட்டித் தேடலாம், 64 மாற்றங்கள் இருந்தாலும் 6 முறை ஓட்டிப் பார்த்தால் எந்த மாற்றத்தில் கெட்டது என்று பிடித்துவிடலாம். டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பில் படிக்கும் பைனரி சர்ச் இதேதான்.

ஏஐயிடம் கேட்டு எழுதலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு செமஸ்டருக்கு உங்கள் கணக்கை நீங்களே எழுதுங்கள் என்பதுதான் என் கருத்து, இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன். அதற்கு மேல் வாங்கினாலும், அது தந்ததை ஓட்டுவதற்கு முன் என்ன வரும் என்று எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்த நிரல் இன்னும் உங்களுடையது ஆகவில்லை. எனக்கு இன்டர்வியூவில் பிராஜெக்ட்டைத் திறந்து காட்டச் சொன்னார்கள், ஒரு வரியைக் காட்டி "இதை எடுத்துட்டா என்ன ஆகும்?" என்றார்கள். தினமும் நோட்டில் செய்த வேலையையே கேட்கிறார்களே என்று மனசு லேசாகிவிட்டது.

எந்த மொழி என்பதில் அதிகம் அலைய வேண்டாம், கல்லூரியில் சொல்லித்தரும் மொழியே போதும். கூடப் படிப்பவர்களின் வேகத்தையும் பார்க்காதீர்கள், அவர்களில் எத்தனை பேர் 10ஐ 11 ஆக்கிவிட்டு நகர்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது.

இன்று இரவே தொடங்க ஒன்று தருகிறேன். பைத்தான் 3இல் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அதனால் அ, ஆ என்றே வைத்துக்கொள்வோம். அ என்பதில் 1, 2, 3 என்று ஒரு லிஸ்ட் போடுங்கள். அடுத்த வரியில் ஆ = அ. அதற்கடுத்த வரியில் ஆ-வின் கடைசியில் 4ஐச் சேருங்கள். இப்போது அ-வை பிரிண்ட் செய்தால் என்ன வரும்? நோட்டில் எழுதிவிட்டு ஓட்டுங்கள். எழுதியதும் வந்ததும் ஒத்துப்போகவில்லை என்றால், எப்படி அப்படி வந்தது என்று நீங்கள் நினைப்பதைக் கீழே கமென்ட்டில் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.