அரக்குப் பட்டு பளீர் சிவப்பாகத் தெரிவது ஏன்?

கேள்வி: கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். புதிதாக ஒரு வைட் கேமட் மானிட்டர் (சாதாரண மானிட்டரைவிட அடர்த்தியான நிறங்களையும் காட்டுவது) வாங்கி, திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் வைத்துக் காலிபிரேட் செய்தேன். ஃபோட்டோஷாப்பில் அரக்கு நிறமாகத் தெரியும் பட்டுப்புடவை, அதே கணினியில் வேறு மென்பொருளில் திறந்தால் பளீர் சிவப்பாகிவிடுகிறது. லேபிலிருந்து வரும் பிரிண்டோ திரையில் பார்த்ததைவிட இருட்டு. கருவியில் கோளாறா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கருவிமேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஃபோட்டோஷாப்பில் தெரிகிற அரக்குதான் சரி, அதையே நம்புங்கள்.

அந்தக் கருவி இரண்டு வேலை செய்கிறது. முதலில் வெளிச்சம், வெள்ளை, காமா (இருட்டுக்கும் வெள்ளைக்கும் நடுவில் உள்ள நிறங்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பது) மூன்றையும் ஒரு நிலைக்குக் கொண்டுவருகிறது, இதுதான் காலிபிரேஷன். அப்புறம், அந்த நிலையில் உங்கள் மானிட்டர் காட்டும் சிவப்பு எது, பச்சை எது என்று அளந்து ஒரு கோப்பில் எழுதுகிறது. அது ஐசிசி புரொஃபைல். அதைப் படித்து நிறத்தை மாற்றிக் கொடுக்க வேண்டியது ஒவ்வொரு மென்பொருளின் பொறுப்பு. ஃபோட்டோஷாப் படிக்கிறது. படம் பார்க்கும் சின்னச் சின்ன மென்பொருள்கள் பல படிப்பதில்லை. எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான படங்களும் திரைகளும் பின்பற்றும் பொது நிற அளவுகோல்) படத்தில் இருக்கும் சிவப்பு எண்ணை அப்படியே மானிட்டருக்குத் தள்ளிவிடுகின்றன. உங்கள் மானிட்டரின் சிவப்பு எஸ்ஆர்ஜிபியைவிட அடர்த்தியானது. புடவை பளீரென்று ஆவது அதனால்தான். புரொஃபைலைப் படிக்கும் மென்பொருளுக்கு மாறுங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமென்றால், மானிட்டர் மெனுவிலேயே எஸ்ஆர்ஜிபி மோடு இருந்தால் அதைப் போட்டு, அந்த மோடுக்குத் தனியாக அளந்து புரொஃபைல் எடுங்கள்.

பலர் செய்யும் ஒரு தவறு: ஃபோட்டோஷாப்பின் வொர்க்கிங் ஸ்பேஸில் (படத்தைத் திருத்தும்போது அது பயன்படுத்தும் நிற அளவுகோல்) மானிட்டர் புரொஃபைலைத் தேர்ந்தெடுப்பது. தயவுசெய்து வேண்டாம். அங்கே எஸ்ஆர்ஜிபி இருக்கட்டும். மானிட்டர் புரொஃபைலின் இடம் விண்டோஸின் கலர் மேனேஜ்மென்ட். கணினியைத் திறந்ததும் திரையைக் கவனியுங்கள். டெஸ்க்டாப் வந்து சில நொடிகளில் சாம்பல் நிறங்கள் லேசாக ஒரு சாயல் மாறும். காலிபிரேஷன் கிராஃபிக்ஸ் கார்டில் ஏறும் கணம் அது. ஸ்லீப்பிலிருந்து எழுந்த பிறகு காலிபிரேஷன் ஏறுவதற்கு முந்தைய சாயலே இருந்தால், கருவியோடு வந்த மென்பொருளைத் திறந்து மறுபடி ஏற்றுங்கள். திரையை மஞ்சளாக்கும் விண்டோஸின் நைட் லைட் அணைந்தே இருக்கட்டும்.

இனி பிரிண்ட். லேபைக் குறை சொல்லும் முன் மானிட்டர் வெளிச்சத்தைப் பாருங்கள். புது மானிட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே கண் கூசும் வெளிச்சத்தில் இருக்கும். அதைப் பார்த்துத் திருத்தும்போது, படம் போதுமான பிரகாசத்தில் இருப்பதாக நினைத்து இருட்டாகவே விட்டுவிடுவோம். அச்சு வேலைக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (வெளிச்சத்தின் அலகு) போதும். வெள்ளை 6500 கெல்வின், காமா 2.2. அரை மணி நேரம் மானிட்டர் ஓடிச் சூடான பிறகு அளந்து பாருங்கள். வெளிச்சத்தை மானிட்டர் பட்டனிலேயே குறையுங்கள், டிரைவரில் வேண்டாம்.

கருவி இல்லாமலும் ஒரு சோதனை உண்டு. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் நல்ல விளக்கடியில் வெள்ளைக் காகிதத்தைப் பிடியுங்கள். காகிதம் அழுக்காகத் தெரிந்தால் திரையின் வெளிச்சம் இன்னும் அதிகம்.

லேபில் அவர்கள் பேப்பருக்கான புரொஃபைல் கேளுங்கள். கொடுத்தால் ஃபோட்டோஷாப்பில் சாஃப்ட் ப்ரூஃப், அதாவது பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே பார்க்கலாம். இல்லையென்றால் எஸ்ஆர்ஜிபியில், புரொஃபைலை உள்ளேயே சேர்த்து அனுப்புங்கள். முழு ஆல்பம் போகும் முன் அந்தப் புடவைப் படம் ஒன்றை மட்டும் பிரிண்ட் போட்டுப் பாருங்கள்.