தடவினால் அடங்கி, விட்டால் பரவும் அரிப்பு

தொடை இடுக்கில் வட்டமாக அரிப்பு, க்ளோபெட்டசால் கலந்த க்ரீம் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாகிறது என்கிறீர்கள். இது பெரும்பாலும் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றுதான். க்ளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு; சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், பூஞ்சையோ தடையில்லாமல் வளரும். அந்த இடத்துத் தோல் மெல்லியது வேறு. மாதக்கணக்கில் போட்டால் அழியாத வரித்தழும்பு விழும்.

நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். படர்தாமரையில் ஓரம் சற்று மேடாக, பொடிச் செதிலோடு இருக்கும், நடுப்பகுதி தெளிந்திருக்கும். ஸ்டீராய்டு பட்டால் இந்த ஓரமே மங்கிவிடும், அதனால்தான் பலர் எக்ஸிமா (பூஞ்சையால் வராத தோல் அழற்சி) என்று ஏமாறுகிறார்கள். சந்தேகம் தீர, தோல் மருத்துவர் ஓரத்துச் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்; நடுவில் சுரண்டினால் பூஞ்சை சிக்காமல் போகலாம்.

அந்தக் க்ரீமை இனித் தொடாதீர்கள். முதல் சில நாள் அரிப்பு கூடும், பயந்து திரும்ப எடுத்துவிடாதீர்கள். 1% க்ளோட்ரிமசோல் க்ரீமை தினம் இருவேளை, ஈரம் துடைத்த தோலில், வட்டத்துக்கு வெளியே 2 செ.மீ. வரை தடவுங்கள். மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். பாதியில் விடுவதால்தான் திரும்ப வருகிறது. இவ்வளவு பரவியிருப்பதால் மாத்திரையும் தேவைப்படலாம், அதை மருத்துவரே முடிவு செய்யட்டும். துண்டைத் தனியாக வையுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா?