நண்பர்களோடு ஹேங் கிளைடிங், அதாவது எஞ்சின் இல்லாத துணி இறக்கையின் அடியில் தொங்கியபடி பறக்கப் போகும் நாளில் என்னதான் செய்வார்கள்?

"மலை விளிம்புக்குப் போய், இறக்கையை மாட்டிக்கொண்டு ஓடிக் குதிப்பதுதானே? அதற்கு ஏன் ஒரு முழு நாள்? ஏன் நாலைந்து பேர் சேர்ந்தே போகிறார்கள்?" என்பது கேள்வி.

இரண்டு மணி நேரம் பறக்கத் தரையில் மூன்று மணி நேரமாவது வேலை இருக்கிறது. அந்த வேலையில் பாதியைத் தனியாளாகச் சரியாகச் செய்யவே முடியாது. இடத்துக்கு இடம் முறை மாறும் என்பதால், சான் பிரான்சிஸ்கோவின் ஃபோர்ட் ஃபன்ஸ்டனை வைத்துச் சொல்கிறேன். நகரின் தென்மேற்கு மூலையில், பசிபிக் கடலைப் பார்த்து நிற்கும் சுமார் 60 மீட்டர் உயர மணற்பாறை அது. ஃபெலோ ஃபெதர்ஸ் என்ற பைலட்டுகள் சங்கம்தான் அங்கே பறத்தலைக் கவனித்துக்கொள்கிறது. புதிதாகக் கற்றவர்களுக்கான இடம் அல்ல. அமெரிக்கத் தர வரிசையில் மூன்றாம் நிலைச் சான்று வேண்டும்.

கோடையில் கலிபோர்னியாவின் உள்பள்ளத்தாக்கு கொதிக்கும். அங்கே சூடேறி மேலே போகும் காற்றின் இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே ஓடிவரும். வழியில் பாறை குறுக்கே நிற்பதால் அது மேல்நோக்கித் திரும்புகிறது. அந்த மேலேறும் பட்டையில்தான் கிளைடர் மிதக்கிறது. அதனால் யாரும் விடியற்காலையில் போய் நிற்பதில்லை. பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் காற்று பிடிக்கும். மேற்கிலிருந்து மணிக்கு 25 முதல் 35 கி.மீ. வரை சீராக அடித்தால் நல்ல நாள். வடமேற்காக அதிகம் சாய்ந்தால் காற்று பாறையில் முட்டாமல் அதை உரசிக்கொண்டு போய்விடும். அப்போது வேகம் இருந்தும் ஏற்றம் இருக்காது. கடலிலிருந்து மூடுபனி திரண்டு வந்தால் அன்றைக்குக் கட்டி வைத்துவிட வேண்டியதுதான்.

கிளைடரைக் காரின் மேல் ஐந்தரை மீட்டர் நீள மூட்டையாகக் கொண்டுவருவார்கள். அடியில் மெத்தை வைத்த தாங்கிகள் மூன்று இடத்திலாவது இருக்க வேண்டும். கட்டும் பட்டையை வெறிபிடித்ததுபோல் இறுக்கக் கூடாது. ஓட்டும் அதிர்வில் குழாய்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளும். துணி ஒற்றை அடுக்காக இருக்கும் பொழுதுபோக்கு இறக்கை 20 முதல் 25 கிலோ. போட்டி இறக்கை 35 கிலோவை நெருங்கும்.

பொருத்துவதற்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முக்கோணக் கைப்பிடிச் சட்டம், அதாவது பக்கக் குழாய்களான இரண்டு டவுன்டியூப்பும் அடிக்குழாயான பேஸ்பாரும். பிறகு மூட்டையைப் புரட்டிச் சட்டத்தின் மேல் நிறுத்தி, இறக்கைகளை மெதுவாக விரித்து, பேட்டன்களைச் செருக வேண்டும். இறக்கைக்கு வளைவு தரும் அலுமினியக் கம்பிகள்தான் பேட்டன்கள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வெவ்வேறு அடையாளம் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே வளைவில் இல்லாவிட்டால் கிளைடர் ஒரு பக்கமாகவே திரும்பிக்கொண்டிருக்கும். அதற்கென வரைபடத் தாள் உண்டு. சில மாதத்துக்கு ஒருமுறை அதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியில் குறுக்குக் குழாயைப் பின்னால் இழுத்து, நடுக்குழாயான கீலில் கொக்கி மாட்டினால் துணி முரசுபோல் விறைக்கும். இந்த இழுப்பு வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தால் அதே நொடியில் விட்டுவிடுங்கள். சட்டத்தையும் இறக்கையையும் இழுத்துக் கட்டும் இரும்புக் கம்பிகளில் ஒன்று எங்கோ சிக்கியிருக்கிறது. அந்தக் கம்பியின் முனையில் திம்பிள் என்ற சிறு உலோகக் கண் இருக்கும். அது போல்ட்டின் மேல் நேராக உட்காராமல் பக்கவாட்டில் சாய்ந்தபடி இறுகிவிட்டால், தரையில் ஒன்றும் தெரியாது. மேலே பாரம் விழும்போது வளைந்து கொடுக்கும். மாட்டி முடித்ததும் ஒவ்வொரு கண்ணையும் விரலால் தொட்டே பார்க்க வேண்டும். கம்பி 2.4 மி.மீ. தடிமன்தான். பஞ்சுத் துணியால் அதை வழித்துக்கொண்டே போனால், அறுந்த இழை ஒன்று இருந்தாலும் நூலைப் பிடித்து இழுக்கும். ஓர் இழை அறுந்தாலும் முழுக் கம்பியையும் மாற்ற வேண்டும்.

நிறுத்தி வைத்த கிளைடரின் வால் காற்றைப் பார்த்திருக்க வேண்டும். மூக்கு காற்றைப் பார்த்தால் அது ஆளில்லாமலே கிளம்பிவிடும்.

இனி, கூட்டமாகப் போவதற்கான முதல் காரணம். அதன் பெயர் ஹேங் செக். பைலட்டைத் தாங்கும் உடுப்பான ஹார்னஸை அணிந்து, அதன் பூட்டுக் கொக்கியான காரபினரை கிளைடரின் தொங்குபட்டையிலும் துணைப்பட்டையிலும் மாட்டி, ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொள்ள, பைலட் பறக்கும் நிலையில் படுத்துத் தொங்கிப் பார்ப்பது. பிடிப்பவர் வேடிக்கை பார்க்கக் கூடாது. காரபினரின் பூட்டு மூடியிருக்கிறதா, பட்டைகள் முறுக்கிக்கொண்டிருக்கின்றனவா, அவசரப் பாராசூட்டின் ஊசி இடத்தில் இருக்கிறதா, ஹெல்மெட் வார் மாட்டியிருக்கிறதா, பைலட்டின் நெஞ்சுக்கும் பேஸ்பாருக்கும் நாலு விரல் இடைவெளி உண்டா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, பைலட்டும் பதில் சொல்ல வேண்டும். கால் வளையங்களை மறக்கவே கூடாது. சில ஹார்னஸ்களில் கால் வளையத்துக்குள் கால் போகாமலே ஜிப்பை மூடிவிடலாம். மேலே நிமிர்ந்தால் ஆள் கீழே வழுக்கிவிடுவார்.

கொக்கி மாட்டாமலே புறப்படுவது இந்த விளையாட்டின் மிகப் பழைய, மிகக் கொடிய தவறு. தேர்ந்தவர்களும் செய்திருக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் இப்படித்தான்: ஹேங் செக் முடிந்துவிடும். காற்று குறைந்ததால் காத்திருப்பார்கள். கையுறையை எடுக்கவோ நண்பருக்குக் கம்பி பிடிக்கவோ கொக்கியைக் கழற்றிப் போய் வருவார்கள். திரும்பி வந்ததும் மூளை "செக் முடிஞ்சாச்சு" என்கிறது. அந்த நினைவு உண்மைதான், ஆனால் கொக்கி மாட்டியிருப்பதற்கு அது சாட்சி இல்லை. ஆகவே விதி இரண்டு. கொக்கியைக் கழற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓடுவதற்குச் சில நொடி முன்பு, கிளைடரை உயர்த்தித் தொடையில் பட்டை இறுகுவதை உணர்ந்த பிறகே காலடி எடுத்து வைக்க வேண்டும். அந்த இறுக்கம் தெரியவில்லையென்றால் நகரவே கூடாது. மூக்குக் கம்பி பிடிக்கும் நண்பர் ஒவ்வொரு முறையும் "மாட்டியாச்சா?" என்று கேட்க வேண்டும். அது மரியாதைக் குறைவு ஆகாது.

இரண்டாவது காரணம் விளிம்பில் இருக்கிறது. பொழுதுபோக்கு இறக்கை மணிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்திலேயே மிதக்கும். எதிர்க்காற்றும் அதே வேகம் என்றால், நிற்கும்போதே அது பாதி பறந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால் பலமான காற்றில் மூக்குக் கம்பிக்கு ஒருவர், பக்கக் கம்பிகளுக்கு இரண்டு பேர். பக்கத்தில் நிற்பவர் கம்பியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. விரல்களில் தொட்டபடி, இறக்கை என்ன செய்யப் பார்க்கிறது என்பதைப் பைலட்டுக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும். "அப்" என்றால் என் பக்க இறக்கை ஏறப் பார்க்கிறது, "டவுன்" என்றால் இறங்கப் பார்க்கிறது, "நியூட்ரல்" என்றால் கையில் பாரமே இல்லை. சிலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். விளிம்புக்குப் போகும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் "நியூட்ரல்" வந்த பிறகு பைலட் "கிளியர்!" என்பார். எல்லாரும் ஒரே நேரத்தில் விட வேண்டும். மூக்கில் நிற்பவர் குனிந்து ஒதுங்க வேண்டும். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் கிளைடர் அந்தப் பக்கமாகச் சுழன்று பாறையை நோக்கித் திரும்பும்.

மேலே ஏறிவிட்டால் விதி குறைவு, ஆனால் கறார். எப்போதும் பாறைக்கு எதிர்ப்பக்கமாகத்தான் திரும்ப வேண்டும். எதிரெதிரே வந்தால் பாறை யாருக்கு வலப்பக்கம் இருக்கிறதோ அவருக்கு வழி. மற்றவர் கடல் பக்கம் ஒதுங்க வேண்டும். முந்துகிறவர் பாறைக்கும் மெதுவாகப் போகிறவருக்கும் இடையில் போவது அமெரிக்க வழக்கம். மெதுவாகப் போகிறவர் திடீரென்று திரும்பினால் கடல் பக்கம்தானே திரும்புவார்.

ஃபன்ஸ்டனில் பறப்பு தொடங்கிய மேட்டிலேயே இறங்குவார்கள். டவுன்டியூப்கள் அதிகம் உடைவது இங்கேதான். காற்றோடு போகும் கட்டத்தில் இறக்கையின் வேகம் 35, காற்று 30 என்றால் தரை 65 கி.மீ. வேகத்தில் ஓடும். அதைப் பார்த்துப் பயந்து வேகத்தைக் குறைத்தால் இறக்கை காற்றில் நின்றுபோய் விழும். தரையைப் பார்க்காமல், முகத்தில் படும் காற்றையும் பேஸ்பாரின் இழுப்பையும் நம்ப வேண்டும். அடுத்தது தரையோரம். 15 மீட்டர் உயரத்தில் 30 ஆக இருக்கும் காற்று, புல்லின் அருகே 20 ஆகக் குறையலாம். இறங்க இறங்க அந்தப் பத்து உங்கள் வேகத்திலிருந்து கழிகிறது. ஆகவே கடைசிக் கட்டத்தில் பேஸ்பாரை உள்ளே இழுத்து, கூடுதல் வேகத்தோடு வர வேண்டும். காற்று பலமாக இருக்கும்போது பெரிய வீச்சாக மூக்கைத் தூக்கித் தள்ளாதீர்கள். காற்று கிளைடரை மேலே தூக்கிப் பின்னால் தள்ளிவிடும். வேகம் தானாக வடியும்வரை விட்டு, காலடி வைத்து நின்றாலே போதும். நின்றதும் வால் காற்றைப் பார்க்கத் திருப்புங்கள்.

மேட்டை எட்ட உயரம் போதாவிட்டால் கடற்கரை. அன்றைய கடலேற்ற நேரம் தெரியாமல் புறப்படக் கூடாது. ஏற்ற நேரத்தில் மணல் ஒரு பட்டையாகச் சுருங்கிவிடும். அலைக்குள் விழுந்த கிளைடரின் துணியில் தண்ணீர் நிரம்பினால் ஒற்றை ஆளால் தூக்க முடியாது. நண்பர்கள் கீழே ஓடிவருவார்கள். மடித்த மூட்டையை ஆளுக்கொரு முனை பிடித்து மணல் பாதையில் மேலே கொண்டுவருவார்கள்.

மடிக்கும்போது பொருத்திய வரிசையைத் தலைகீழாகச் செய்தால் சரி. ஆனால் பையை மூடுவதற்கு முன் ஜிப்பிலும் குழாய் முனைகளிலும் இருக்கும் மணலை உதறிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் போல்ட், கம்பி முனை, காரபினர் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட்டுத்தான் கட்ட வேண்டும். உப்பு படிந்தால் துரு முதலில் பிடிப்பது கம்பியின் முனையில், அழுத்தி மூடிய உலோக உறைக்குள். வெளியே பளபளவென்று இருக்கும்.