அம்மா நடிக்கவில்லை

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் ஞாபகமில்லை. “தம்பி எப்ப வாறான்?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறா. தாலிக்கொடியை நான் எடுத்துவிட்டேன் என்று அயலட்டைக்கெல்லாம் சொல்லுகிறா. ஆனால் 95 இடப்பெயர்வை நேற்று நடந்த மாதிரிச் சொல்லுவா. தேவாரம் ஒரு சொல் பிசகாது. கனடாவில் இருக்கும் தம்பி வீடியோவில் கதைத்துவிட்டு, “அம்மா நல்லாத்தான் இருக்கிறா, உனக்குத்தான் பொறுமையில்லை” என்கிறான். மச்சாள் “எல்லாம் நடிப்பு” என்கிறா. நடிக்கிறாவா?
– வாசகி, கொண்டாவில்

பதில்: இல்லை, சகோதரி. நீங்கள் எழுதியிருப்பதில் நடிப்பின் சாயலே இல்லை. பழையது நிற்பதும் புதியது நிற்காததும் மூளை வேலை செய்யும் விதத்தோடு அப்படியே பொருந்துகிறது.

காதுக்கு நேரே, மூளையின் உட்பக்கத்தில், இரண்டு பக்கமும் ஹிப்போகம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. இன்று நடப்பதை நாளைக்கு ஞாபகமாக ஆக்கித் தருவது அதுதான். பல வருடப் பழைய ஞாபகங்கள் பெரும்பாலும் மூளையின் மேற்பரப்பெங்கும் பரவி ஊன்றிவிடுகின்றன. அவற்றுக்கு அதன் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. 1953 இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, வலிப்பை நிறுத்துவதற்காக அந்தப் பகுதியை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தார்கள். சின்ன வயதுக் கதைகள் அவரிடம் இருந்தன. ஆனால் அவரைப் பல வருடங்களாக ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒவ்வொரு தடவையும் அவருக்குப் புது ஆளாகவே இருந்தார். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை மில்னர் கொடுத்தபோது, முன்பு செய்ததாக மொலைசனுக்கு ஞாபகமே இல்லை. கை மட்டும் நாளுக்கு நாள் திருந்திக்கொண்டு போனது. பழகிய கைக்கும் நாவுக்கும் மூளையில் வேறு இடங்கள் இருக்கின்றன. சிறுவயதிலிருந்து ஆயிரம் தடவை பாடிய தேவாரம் அம்மாவுக்குப் பிசகாமல் வருவதும் இப்படித்தான்.

இடப்பெயர்வுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, மழையில், போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பக்கம் நகர்ந்த அந்தச் சனத்துக்குள் அம்மாவும் நின்றிருப்பா. பயத்தில் உடம்பு அட்றினலின் சுரக்கும்போது, மூளையில் பாதாம் பருப்பளவாக இருக்கும் அமிக்டலா என்ற பகுதி ‘இதை விடாதே’ என்று ஹிப்போகம்பஸைத் தூண்டும். அப்படிப் பதிந்தது இலகுவில் அழியாது. அதையே சொல்லிக்கொண்டிருக்கிறா என்று சினக்காதீர்கள். இப்போது அவவிடம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அதுதான்.

கொடி விஷயம்தான் உங்களை ஆகக் கூட நோகடித்திருக்கும். கொடியைக் கவனமாக எங்கோ வைத்தது அம்மாதான். வைத்தது பதியவில்லை. தேடினால் காணவில்லை. ‘ஆரோ எடுத்திட்டினம்’ என்பது தவிர அவவின் மூளைக்கு வேறு விளக்கம் கிடைக்காது. பக்கத்தில் இருப்பது நீங்கள், அதனால் பழி உங்களில் விழுகிறது. வாதாடாதீர்கள். “வாங்கோம்மா, ரெண்டு பேரும் தேடுவம்” என்று சொல்லுங்கள். சண்டை பிடித்தால், சண்டை மறந்த பிறகும் அது எழுப்பிய கலக்கம் அவவுக்குள் நின்றுவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அறளை பேந்திட்டுது, வயசு போனால் அப்படித்தான் என்று எங்கள் ஊரில் கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம். அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகம்பஸிலும் அதன் அயலிலும்தான் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் அது என்று தீர்மானிக்க முதல், திருத்தக்கூடிய காரணங்களைத் தேட வேண்டும். தைரொயிட் குறைந்தாலும் ஞாபகம் மங்கும். பி12 விற்றமின் குறைந்தாலும் மங்கும். சுத்த சைவக்காரரும், சீனி வருத்தத்துக்கு நீண்டகாலம் மெற்போமின் போடுபவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். மனச்சோர்வு மறதியாக வெளிப்படும். அண்மையில் விழுந்து தலை அடிபட்டிருந்தால் உள்ளே மெல்ல இரத்தம் கசிந்திருக்கலாம். தடிமனுக்கென்று தினமும் பிரிட்டோன் போடுகிறாவா என்றும் பாருங்கள். ஞாபகத்துக்குத் தேவையான அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தின் வேலையை அது தடுக்கும்.

வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, யாழ். போதனா வைத்தியசாலைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். மறதி எப்போது தொடங்கியது, கெதியாகக் கூடினதா, மெல்லக் கூடினதா என்று எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியர் முதலில் அதைத்தான் கேட்பார். அல்சைமர் என்றே வந்தாலும் டொனெபெசில் போன்ற குளிசைகள் உண்டு. இருக்கிற அசற்றைல்கோலின் கெதியில் உடைந்துபோகாமல் அவை காக்கும். நோயை நிறுத்தாது, சிலருக்குக் கொஞ்சக்காலம் தெளிவு தரும்.

தம்பிக்கு ஒரு வேலை கொடுங்கள். “சாப்பிட்டியா, குளிரோ” என்று பத்து நிமிடம் கதைக்கப் புது ஞாபகம் தேவையில்லை. அது அம்மாவின் நாவுக்குப் பழகிப்போன கதை. கதைத்து வைத்துவிட்டு, அரை மணித்தியாலம் கழித்துத் திரும்ப எடுத்து, “இப்ப என்னம்மா கதைச்சனாங்கள்?” என்று ஒரு தடவை மட்டும் கேட்கட்டும். பிறகு உங்களுக்கு உதவியாகக் கிழமையில் இரண்டு நாளாவது ஒராளை வைக்கக் காசு அனுப்பட்டும். அந்த இரண்டு நாளும் நீங்கள் நித்திரை கொள்ளுங்கள்.