கல்லாகிப் போன பிரஷ்: குற்றம் டர்பன்டைனிடம் இல்லை

கேள்வி: பொங்கலுக்கு ஆள் வைக்காமல் நாங்களே வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். சுவர்களுக்கு எமல்ஷன், ஜன்னல் கம்பிகளுக்கு எனாமல். வேலை முடிந்ததும் நான்கு பிரஷ்களையும் ஒரு லிட்டர் டர்பன்டைனில் ஊறப் போட்டோம். மறுநாள் பார்த்தால், எமல்ஷன் அடித்த இரண்டும் பிசுபிசுவென்று கட்டியாகிக் கிடந்தன. கடையில் கலப்பட டர்பன்டைனைத் தந்துவிட்டார்களா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: கடைக்காரர் மேல் குற்றமில்லை. எமல்ஷன் தண்ணீரில் கலக்கும் பெயின்ட்; அதைக் கழுவவும் தண்ணீர்தான் வேண்டும். எனாமல் எண்ணெய்ப் பெயின்ட். டர்பன்டைன் அதற்கு மட்டும்தான். டின்னின் மேல் எதைக் கலந்து இளக்கச் சொல்லியிருக்கிறதோ, அதிலேயே பிரஷ்ஷையும் கழுவுங்கள். அந்த ஒரு வரியை வாங்கும்போதே படித்திருந்தால், ஒரு லிட்டருக்குப் பதில் கால் லிட்டர் டர்பன்டைனோடு வீடு திரும்பியிருப்பீர்கள்.

அடுத்தது நேரம். எமல்ஷனில் இருக்கும் தண்ணீர் ஆவியானதும் அதிலுள்ள நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். அப்புறம் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அது கரையாது. நம் ஊர் வெயிலில், மின்விசிறியும் சுழன்றுகொண்டிருந்தால், ஒரு சாப்பாட்டு நேரமே போதும். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஒரு வாரம் கழித்து டர்பன்டைனில் போட்டால் அசையாது. எனவே கை கழுவுவதற்கு முன் பிரஷ்ஷைக் கழுவுங்கள்.

குழாயடிக்குப் போவதற்கு முன் பிரஷ்ஷில் மிச்சமிருக்கும் பெயின்ட்டைப் பழைய செய்தித்தாளில் அழுத்தி இழுத்துத் துடைத்துவிடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். பிறகு முடி கீழே பார்க்கும்படி பிடித்துத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். முடியை மேலே பார்க்க நிமிர்த்திப் பிடித்தால், கரைந்த பெயின்ட் தகரப் பட்டைக்குள் இறங்கித் தங்கிவிடும். பிரஷ் கெடுவது நுனியில் அல்ல, வேரில்தான். சுத்தமாகிவிட்டது என்று தோன்றும்போது, தகரப் பட்டையை ஒட்டிக் கட்டைவிரலால் முடியைப் பிரித்து அழுத்திப் பாருங்கள்; உள்ளிருந்து பால்போல் வெள்ளை நீர் கசியும். துளி சோப்பு போட்டு, அது நிற்கும்வரை பிசைய வேண்டும். பழைய சீப்பால் ஒருமுறை வாரி, நுனியைக் கூட்டிச் சீராக்கி, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். முடி தரையில் ஊன்ற நிறுத்தி வைத்தால் வளைந்து, அந்த வளைவிலேயே காய்ந்துவிடும்.

எனாமல் பிரஷ்ஷுக்கு ஒரே வாளி டர்பன்டைன் வேண்டாம். ஒரு கொட்டாங்கச்சி அளவு ஊற்றிக் கழுவி, அதை மாற்றி, இன்னும் இரண்டு முறை கழுவினாலே சுத்தமாகிவிடும். கடைசியில் சோப்புத் தண்ணீர். அழுக்கு டர்பன்டைனையும் கொட்டிவிடாதீர்கள். மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அசையாமல் வைத்தால் வண்ணம் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்திருப்பதை மெல்ல இறுத்து அடுத்த முறையும் பயன்படுத்தலாம்.

ஆனால் அதைத் தண்ணீர்ப் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ வைக்கவே வைக்காதீர்கள். கைகூப்பிக் கேட்கிறேன். பார்ப்பதற்குத் தண்ணீர்போலவே இருப்பதால் குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடுகிறார்கள். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோல் போதும் என்கிறார் எங்கள் பெயின்ட்டர். சரியா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: மண்ணெண்ணெய் எனாமலைக் கரைக்கும். ஆனால் முடியில் எண்ணெய்ப் பசை தங்கும். சோப்பு போட்டு இரண்டு முறை கழுவாவிட்டால், அடுத்து அடிக்கும் பெயின்ட் அந்தப் பசையால் சரியாகக் காயாது. பெட்ரோல் கூடவே கூடாது. அதன் ஆவி தரையோடு பரவி, அடுத்த அறையில் எரியும் அடுப்பையோ பூஜை விளக்கையோ எட்டிவிடும். ஆளி விதை எண்ணெய் கலந்த பூச்சைத் துடைத்த துணிகளையும் சுருட்டி மூலையில் எறியாதீர்கள்; குவியலுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே பிரித்துக் காயவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: கடையில் பன்றி முடி பிரஷ், நைலான் பிரஷ் என்று இரண்டு காட்டுகிறார்கள். எதை வாங்குவது? (சேலம் வாசகி)

பதில்: எனாமலுக்கும் வார்னிஷுக்கும் பன்றி முடி நல்லது. ஆனால் அது தண்ணீரைக் குடித்து ஊதிவிடும் என்பதால் எமல்ஷனுக்கு நைலான் அல்லது பாலியெஸ்டர் வாங்குங்கள். கழுவுவதும் சுலபம். வாங்கும் முன் பிரஷ்ஷை உள்ளங்கையில் நாலைந்து முறை தட்டுங்கள். ஒன்றிரண்டு முடி உதிர்வது சகஜம். தட்டத் தட்ட உதிர்ந்தாலோ, தகரப் பட்டை ஆடினாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முடியை விரித்து நடுவில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். மலிவுப் பிரஷ்ஷில் ஓரங்களில் மட்டும்தான் முடி இருக்கும். ஒருமுறை அடித்துவிட்டு எறிவதற்கு மலிவானது போதும். கழுவிப் பாதுகாக்கத் தயாராக இருப்பவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து நல்லதை வாங்கினால், வருடங்களுக்கு உழைக்கும். பில் கேட்டு வாங்குங்கள். முதல் நாளே முடி கொட்டிச் சுவரில் ஒட்டினால் அது குறையுள்ள பொருள். கடையில் மாற்றித்தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

கேள்வி: சுவரைச் சமன்படுத்தப் பட்டி பார்த்த தகடுகளையும் ரோலரையும் சமையலறைத் தொட்டியில் கழுவினோம். இப்போது தண்ணீர் இறங்கவில்லை. (மதுரை, அடுக்குமாடி வாசகர்)

பதில்: வெள்ளைச் சிமென்ட் பட்டி தண்ணீருக்குள்ளும் இறுகும். குழாயின் வளைவில் அது கட்டியாகியிருக்கிறது. அமிலம் எதையும் ஊற்றாமல் பிளம்பரை அழைத்து வளைவைக் கழற்றச் சொல்லுங்கள். இனி தகட்டிலிருப்பதைக் காகிதத்தில் வழித்துப் போட்டுவிட்டு, வாளித் தண்ணீரில் கழுவுங்கள். இரவு முழுக்க அப்படியே வைத்தால் வண்டல் அடியில் தங்கும். தெளிந்த நீரைக் கழிவுநீர்க் குழாயில் விட்டுவிட்டு, வண்டலைக் காயவைத்துக் குப்பையில் போடலாம். கிணற்றடியிலும் செடிக்கடியிலும் அந்த நீரைக் கொட்ட வேண்டாம். ரோலரையும் முதலில் தகட்டின் விளிம்பால் வழித்தால், ஒரு கை பெயின்ட் டின்னுக்கே திரும்பிவிடும். மறுநாளும் அதே பெயின்ட்தான் என்றால் கழுவவே வேண்டாம். காற்றுப் புகாமல் பாலித்தீன் பையில் இறுகச் சுற்றி நிழலில் வையுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே இறுகிய பிரஷ்களை மீட்க வழி உண்டா? (திண்டுக்கல் வாசகியே)

பதில்: எமல்ஷன் பிரஷ்களைச் சூடான வினிகரில் அரை மணி நேரம் ஊறவிட்டுச் சீப்பால் வாரிப் பாருங்கள், நுனி இளகினால் பிழைத்துக்கொள்ளும். எனாமல் இறுகியிருந்தால் அதை மீட்க வாங்கும் மருந்தின் விலைக்குப் புது பிரஷ்ஷே வந்துவிடும். அந்தப் பழையதை எறியாமல் கம்பிகளின் இடுக்கிலுள்ள தூசியைத் தட்ட வைத்துக்கொள்ளுங்கள்.