சர்வீஸ் முடிந்து வந்த காரில் ஆயில் சொட்டுகிறதா?

கேள்வி: எங்களுடையது 5 வருடப் பழைய பெட்ரோல் கார். போன சனிக்கிழமை கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஆயில் மாற்றி எடுத்து வந்தோம். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் போர்டிகோ டைல்ஸில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மூன்று இடத்தில் ஆயில். இதற்கு முன் ஒரு சொட்டுகூட விழுந்ததில்லை. போன் செய்தால், "மாற்றும்போது சிந்தினது மேடம், ரெண்டு நாளில் நின்னுடும்" என்கிறார்கள். நம்பலாமா? அடுத்த வாரம் குடும்பத்தோடு மதுரைக்குப் போக வேண்டியிருக்கிறது. – வாசகி, நாமக்கல்

பதில்: அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை போனில் கேட்டு நம்ப வேண்டிய அவசியம் இல்லை. வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு வேலை. இன்றைக்கே டிப் ஸ்டிக்கை (எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் குச்சி) எடுத்துப் பாருங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். உருவி, துடைத்து, முழுதாக உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் ஆயில் நின்றால் பயமில்லை, அந்த அளவை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் இடையே உள்ளது ஏறக்குறைய 1 லிட்டர். கீழ்க் குறிக்கும் கீழே போயிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், அவர்களை வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஓட்டும்போது டேஷ்போர்டில் சிவப்பு நிற ஆயில் கேன் விளக்கு எரிந்தால், வீடு பக்கத்துத் தெருவில் இருந்தாலும் அங்கேயே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். அது ஆயில் குறைகிறது என்ற முன்னறிவிப்பு அல்ல. அழுத்தமே விழுந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் எஞ்சினுக்குள் தண்டைத் தாங்கும் பேரிங்கைத் தின்னும்.

இப்போது அந்தச் சொட்டுக்கு வருவோம். ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வந்தது. பச்சை, சிவப்பு அல்லது ரோஸ் நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட், அது வேறு கதை. ஆயில்தான் என்றால் நிறத்தைக் கவனியுங்கள், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. ஆயில் மாற்றும்போது அடியில் சிந்துவது பழைய ஆயில், கறுப்பாக இருக்கும். பெட்ரோல் வண்டியில் ஊற்றி இரண்டு நாளே ஆன புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். (டீசல் வண்டியில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும் என்பதால் அங்கே இந்தச் சோதனை செல்லாது.) சொட்டு தேன் நிறத்தில் இருந்தால் 'சிந்தினது' என்ற விளக்கத்துக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம்: மேலே மூடி வழியாக ஊற்றும்போது வழிந்திருக்க வேண்டும். பானட்டைத் திறந்து ஆயில் மூடியைச் சுற்றிப் பாருங்கள். அங்கே ஈரமே இல்லையென்றால் கீழே எங்கோ புது ஆயில் கசிகிறது.

கறுப்பாக இருந்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆயிலை வடிகட்டும் ஃபில்டரைக் கழற்றும்போது அதற்குள் நிற்கும் ஆயில் எஞ்சின் மேலேயே வழிந்து, அடியில் உள்ள பிளாஸ்டிக் கவரில் போய்த் தேங்கும். பிறகு பிரேக் பிடிக்கும்போதும் மேடு ஏறும்போதும் நாலைந்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். கிளீனர் அடித்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து அனுப்புவதுதான் முறை. சனிக்கிழமை நெரிசலில் விட்டுப் போகிற வேலையும் அதுதான்.

எதுவானாலும், இன்று ராத்திரி முதல் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரியுங்கள். முன்சக்கரம் நிற்கும் இடத்தை அட்டையில் பேனாவால் குறித்து, தேதி எழுதுங்கள். மூன்று ராத்திரி, மூன்று அட்டை. சொட்டுகள் குறைந்துகொண்டே வந்தால் சிந்திய ஆயில். அதே அளவில் இருந்தாலோ கூடினாலோ கசிவு. அந்த மூன்று அட்டைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சர்வீஸ் சென்டரில் உங்களுக்காகப் பேசப்போவது அவைதான்.

கசிவென்றால் எங்கிருந்து? நேற்றுவரை காய்ந்திருந்த வண்டி, ஆயில் மாற்றியதும் சொட்டுகிறது என்றால், மெக்கானிக் கைவைத்த இடங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அவை மிகச் சிலவே.

ஒன்று, சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அடியில் உள்ள டிரெயின் போல்ட், அதாவது பழைய ஆயிலை இறக்கக் கழற்றும் போல்ட். அதில் செம்பிலோ அலுமினியத்திலோ ஒரு வாஷர் இருக்கும். முறுக்கும்போது நசுங்கி இடைவெளியை அடைப்பதுதான் அதன் வேலை, ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக நசுங்காது. சில பத்து ரூபாய் பெறும் அந்த வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். பழையதையே போட்டு, சொட்டுவதைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் முறுக்குவார்கள். பல சிறிய கார்களுக்கு அந்த போல்ட்டின் இறுக்கம் 35 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) இல்லாமல், காற்றழுத்தத்தில் முறுக்கும் ஏர் கன்னால் அடித்தால் அலுமினிய சம்ப்பில் மரை போய்விடும். இந்தக் கசிவு எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் சொட்டும். அதனால் ராத்திரி அட்டையில் நன்றாகத் தெரியும்.

இன்னொன்று ஃபில்டர், நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதுவும் கறுப்பு, சுற்றிலும் கறுப்பு ஆயில், கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். பார்க்காமல் புது ஃபில்டரை அதன்மேல் திருகினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, பிடித்துக்கொள்ளும். சாலையில் வேகமெடுத்ததும் டயர் காற்றைவிட அதிக அழுத்தத்தில் வரும் ஆயில் அந்த மேல் வளையத்தைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும். நான் சூப்பர்வைசராக இருந்த பணிமனைக்கு அப்படி ஒரு வண்டி கயிறு கட்டி வந்தது. முந்தின நாள் எங்களிடமே ஆயில் மாற்றியது. ஃபில்டரைக் கழற்றியபோது அடியில் பழைய வளையம் பளபளப்பாக ஒட்டியிருந்தது, டிப் ஸ்டிக்கில் ஒரு துளி ஆயில் இல்லை. அன்றிலிருந்து, கழற்றிய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் புதிதைத் திருக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் உங்களிடமும் சொல்கிறேன்: சோதித்துப் பார்க்கும்வரை பைபாஸ் பக்கம் போகாதீர்கள்.

மூன்றாவது, அளவு. மேல் குறியைத் தாண்டி ஊற்றிவிட்டால் எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் அந்த ஆயிலை அடித்து நுரையாக்கும், வயதான சீல்கள் வழியாக வெளியே வரும். கூடுதலை இறக்கினாலே போதும். மேல் மூடி சரியாக உட்காததும் டிப் ஸ்டிக் முழுதாக இறங்காததும் நொடியில் பார்த்துவிடக்கூடியவை.

சர்வீஸ் சென்டருக்கு எப்படிப் போவது என்பதும் முக்கியம். பக்கத்து மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டி அபிப்பிராயம் கேட்கலாம். ஆனால் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள். அவர் ஒரு போல்ட்டைத் தொட்டுவிட்டால் "வெளியே கைவைத்துவிட்டார்கள்" என்ற ஒரு வரியில் உங்கள் வழக்கு முடிந்துவிடும். பில், அட்டைகள், டிப் ஸ்டிக் போட்டோ மூன்றையும் எடுத்துக்கொண்டு, "ஆயில் மாற்றிய பிறகு கசிவு" என்று புதிய ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாய்ப் பேச்சோடு "அண்ணே, கொஞ்சம் பாருங்க" என்று விடாதீர்கள். லிஃப்டில் ஏற்றும்போது கூடவே நில்லுங்கள், அது உங்கள் வண்டி. அடியைத் துடைத்துச் சுத்தம் செய்து, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்து எங்கே ஈரம் பூக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், எடை கீழே இழுக்கும். ஆகவே ஈரத்தின் மிக உயரமான, மிக முன்பக்க இடம்தான் ஊற்று. சொட்டு விழும் இடம் ஊற்றாக இருப்பது அரிது.

"இறுக்கிவிட்டோம், சரியாகிவிட்டது" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புது வாஷர், தேவைப்பட்டால் புது ஃபில்டர், இறங்கிய ஆயிலுக்குப் புது ஆயில், எல்லாம் அவர்கள் செலவில். மரை போயிருந்தால் உள்மரை பொருத்தியோ சம்ப் மாற்றியோ தர வேண்டும், டெஃப்லான் டேப் சுற்றுவதும் எம்சீல் வைப்பதும் வேலை அல்ல. "பின்பக்கக் கிராங்க் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்று பெரிய தொகை சொன்னால் நிதானியுங்கள். அந்த சீல் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை, ஆனால் ஆயில் மாற்றிய அன்றே போவது அபூர்வம். ஆயிலில் கலர் டை (சாயம்) கலந்து, கசியும் இடத்தை அல்ட்ரா வயலட் விளக்கில் காட்டச் சொல்லுங்கள்.

மறுத்தால் சர்வீஸ் மேனேஜருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்குப் புகார் செய்ய 2 ஆண்டு அவகாசம் உண்டு, வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். இந்த அளவு வேலைக்கு அதுவரை போக வேண்டியிராது, எழுத்தில் ஒரு புகார் போனதுமே பெரும்பாலும் வண்டியை எடுக்க ஆள் வந்துவிடும்.

மதுரைப் பயணம்: சரிசெய்து வந்ததும் ஊருக்குள்ளேயே 20, 30 கிலோமீட்டர் ஓட்டுங்கள். அன்று ராத்திரி புது அட்டை விரியுங்கள். காலையில் அட்டை காய்ந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் பழைய போட்டோவில் இருந்த உயரத்துக்குக் குறையாமல் இருந்தால் தாராளமாகக் கிளம்பலாம். திண்டுக்கல் அருகே டீ குடிக்க நிற்கும்போது ஒருமுறை குனிந்து அடியில் பார்த்துக்கொள்ளுங்கள். போர்டிகோ கறைக்கு மரத்தூளைக் கொட்டி ஒரு ராத்திரி விட்டு, பெருக்கி எடுத்துவிட்டு சோப்புத்தூள் போட்டுத் தேயுங்கள். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் ஆயில் டைல்ஸ் இடுக்குகளில் பரவி இறங்கிவிடும்.