மாசாமாசம் நர்ஸ்தான் பார்க்கிறார், போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, சுகரும் பிரஷரும் இருக்கின்றன. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் டாக்டர் பார்த்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதன் பிறகு மாசாமாசம் என்.சி.டி. (சுகர், பிரஷர் போன்ற தொற்றாநோய்கள்) நர்ஸ்தான் பார்க்கிறார். "நர்ஸிடம் காட்டுவதெல்லாம் வைத்தியமா, பிரைவேட்டுக்குக் கூட்டிப்போ" என்கிறார் அண்ணன். என்ன செய்வது?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அண்ணன் செலவு செய்யத் தயார் என்றால் தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஆனால் நர்ஸைப் பற்றி அவர் போட்டு வைத்திருக்கும் கணக்கு தப்பு. தமிழக அரசு ரத்த அழுத்தத்துக்கான சோதனை முயற்சியை 2007-ல் தொடங்கியதே உங்கள் மாவட்டத்திலும் சிவகங்கையிலும்தான். 2012-லிருந்து அது மற்ற மாவட்டங்களுக்குப் போனபோது இதற்கென்றே தனியாக நர்ஸ்களைப் போட்டார்கள். காரணம் எளிமையானது. சுகரும் பிரஷரும் பெரும்பாலும் வலிக்காது, வலிக்காத நோய்க்கு யாரும் மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார்கள், அதனால் என்ன நோய் என்று ஒருமுறை கண்டுபிடிப்பதைவிட மாசாமாசம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க ஒரு ஆள் இருப்பதுதான் இங்கே பெரிய வைத்தியம். கூட்ட நாளில் டாக்டரால் அது முடியாது. பிரிட்டனிலும் குடும்ப டாக்டர்களின் கிளினிக்குகளில் சர்க்கரை, ஆஸ்துமா நோயாளிகளை வழக்கமாகப் பார்ப்பது பெரும்பாலும் நர்ஸ்கள்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-ல் 18 ஆய்வுகளை அலசி, பயிற்சி பெற்ற நர்ஸ்கள் பார்த்தாலும் பலன் டாக்டர் பார்ப்பதற்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ இருக்கக்கூடும் என்றது. அந்த ஆய்வுகள் அநேகமாக எல்லாமே பணக்கார நாடுகளில் நடந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அங்கே ஒரு நர்ஸுக்குக் கிடைக்கும் நேரம் இங்கே கிடைப்பதில்லை.

சரி, அம்மா விஷயத்துக்கு வருவோம். அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். வேகவேகமாக நடந்து வந்தவரை உட்காரவைத்த உடனே கையில் பிரஷர் பட்டையைச் சுற்றுகிறார்களா என்று பாருங்கள். ஐந்து நிமிடமாவது சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வைத்து, வாய் பேசாமல் பார்த்தால்தான் அளவு நம்பும்படி இருக்கும். அதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காபியும் கூடாது. இப்படிப் பார்த்தும் இரண்டு மூன்று தடவை தொடர்ந்து 140/90-க்கு மேலேயே நின்றால், "சிஸ்டர், டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடலாமா" என்று நீங்களே கேளுங்கள், அதில் தயக்கமே வேண்டாம். சுகர் 70-க்குக் கீழே இறங்கினாலும், காலில் ஆறாத புண் இருந்தாலும் டாக்டர்தான் பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்ற பரிசோதனை, இத்தனையும் நடந்ததா என்று அம்மாவின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். நெஞ்சுவலி, வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் வராமல் போவது என்றால் நர்ஸும் வேண்டாம், யோசனையும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பிரஷர் 126/80-க்கு வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பெண் அதைப் போய் நர்ஸிடம் சொல்ல, அவர் போனில் திட்டுகிறார். நார்மல் ஆனவனுக்கு எதற்கு மாத்திரை?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: நார்மல் ஆனது அந்த மாத்திரையால்தான் ஐயா. நிறுத்தினால் பழையபடி ஏறும், ஏறுவது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. இன்றைக்கே மறுபடி ஆரம்பியுங்கள். எடை குறைந்து, உப்பும் குறைந்து, அளவு பல மாதம் அப்படியே நின்றால் டாக்டர் பார்த்து டோஸைக் குறைக்கலாம், அது அவர் முடிவு. மற்றபடி 2021 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது, போன் போட்டுத் திட்டும் அளவுக்கு நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

கேள்வி: நான் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ், ஒப்பந்தப் பணி. ஒரு காலையில் வரிசை வாசல் வரை நிற்கிறது. பிரஷர் பார்த்து, பதிவேட்டில் எழுதி, கணினியிலும் ஏற்றி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். இதில் ஆலோசனை எங்கே சொல்வது?
- பெயர், ஊர் வேண்டாம்

பதில்: உங்கள் மேலதிகாரிகள் படிக்க வேண்டிய கேள்வி இது. ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் ஏற்றச் சொல்லிவிட்டு 'நோயாளியிடம் பேசவில்லை' என்று குறைசொல்வது நியாயமே இல்லை. அதுவரைக்கும் ஒரு வழி சொல்கிறேன். எல்லாருக்கும் எல்லா அறிவுரையும் வேண்டாம். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "மாத்திரையை எடுத்துட்டு வாங்க, எதை எப்போ போடுறீங்கன்னு காட்டுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள், பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும், சுகர் மாத்திரைகளில் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய கிளிமெபிரைடும் பின்னால் போட வேண்டிய மெட்ஃபார்மினும் கலந்து கிடக்கும். அப்புறம், மருந்து வாங்க வராமல் நின்றுபோனவர்களின் பட்டியலை வாரம் ஒருமுறை தனியாக எடுத்து, வீடு வீடாகப் போகும் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். வரிசையில் நிற்பவரைவிட வராமல் போனவருக்குத்தான் நீங்கள் அதிகம் தேவை.